வேலன் வெறியாட்டும் தோழியின் சொல்லும்

பழந்தமிழ் நூல்களில் உளநூல் உண்டா என்னும் வினா எழும்போதெல்லாம் இருவகை விடைகள் வரக் காண்கிறோம். "பிராய்டு கூறியவை யாவும் தொல்காப்பியத்தில் முன்னரே கூறப்பட்டவை" என்பார் ஒரு சாரார். "அங்கே இருப்பவை பேயாட்டும் குறிகேட்டலுமே, உள்ள நோய்க்கு மருந்தை அங்குத் தேடுவது வீண்" என்பார் மற்றொரு சாரார். முன்னது பெருமைப் பேச்சு. பின்னது இகழ்ச்சிப் பேச்சு. இருவரும் பாட்டைப் படித்துப் பார்த்து முடிவு சொன்னவர்களாகத் தோன்றவில்லை. வகுப்பறையில் இப்பாடல்களைக் கற்பிக்கும் கடமை உடைய நமக்கு அவ்வளவு எளிதில் முடிவு கட்டிவிட இயலாது. நாம் சொல்லும் பொருளைக் கேட்டுக்கொண்டு அமர்ந்திருப்பவர்களுள் உள்ளம் நொந்த பிள்ளைகளும் இருக்கின்றனர்.

மெய்ப்பாடு உளநூலா?

முதற்சாரார் எடுத்துக்காட்டுவது மெய்ப்பாட்டியல். நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு; ஒவ்வொன்றும் பிறக்கும் நிலைக்களம் நான்கு; ஆக 32. உள்ளத்தில் நிகழ்வது உடலில் புலப்படும் என்பதே இவ்வியலின் அடிப்படை. ஆயினும் இது புலவனுக்காக எழுதப்பட்ட இலக்கணம். உணர்ச்சியைப் பாட்டில் எவ்வாறு புலப்படுத்துவது என்று கூறுகிறதேயன்றி, நோயுற்ற உள்ளத்தை எவ்வாறு ஆற்றுவது என்று கூறவில்லை. அதனை மருத்துவ நூலாக்க முயல்வது தொல்காப்பியர்க்குச் செய்யும் சிறப்பு ஆகாது.

எனினும் அதில் ஆசிரியர்க்குப் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. அழுகைக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை என்பன. பிறர் இகழ்ந்தமையால் அழுவது வேறு. உற்றாரை இழந்து அழுவது வேறு. முன்னைய நிலையிலிருந்து தாழ்ந்து அழுவது வேறு. இல்லாமையால் அழுவது வேறு. கண்ணீர் ஒன்றே, காரணம் நான்கு. கண்ணீரைக் கண்டவுடன் அது எவ்வகை என்று கேட்கத் தூண்டும் பகுப்பு இது. திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரம், நோயைக் கண்டபின் அதன் முதலைக் காணவேண்டும் என வற்புறுத்துவதும் இந்த நோக்கிலேயே ஆகும்.

தாய் செய்த பிழை யாது?

நோயைக் கண்டு முதலைக் காணாத நிலையைச் சங்கப் பாட்டு ஒரு துறையாகவே அமைத்துள்ளது. அதுவே வெறியாட்டு. களவொழுக்கத்தில் தலைவனைப் பிரிந்த தலைவி மெலிகிறாள், வளை நெகிழ்கிறது, மேனி பசக்கிறது. தாய் அஞ்சுகிறாள், கட்டுவிச்சியை அழைத்துக் குறி கேட்கிறாள். முருகன் அணங்கினான் என்ற விடை வருகிறது. வேலன் வருகிறான், களம் இழைத்து, மறி அறுத்து, வெறியாடுகிறான். நோயின் காரணமோ மலைநாடன் ஒருவன்.

இத்துறையைப் படிப்போர் பலர், "மூடநம்பிக்கையை எள்ளிய பாட்டு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றனர். நம் வகுப்புகளிலும் அவ்வாறே விளக்கம் எழுதப்படுகிறது. இக்கருத்து முழுதும் பொருந்துவதாக இல்லை. நற்றிணை 34ஆம் பாட்டில் தோழி முருகனையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறாள். இந்நோய் உன்னால் வந்ததன்று என்று அறிந்தும் வேலன் அழைக்க வந்து நிற்கிறாயே, நீ அறியாமை உடையை என்று கடிந்துகொள்கிறாள். ஆயினும் வாழ்த்தியே கடிகிறாள். இங்குக் கடவுள் மறுப்பு இல்லை. சடங்கு பொதுவாக மறுக்கப்படவும் இல்லை. இந்த நோய்க்கு இது மருந்தன்று என்பதே தோழியின் வாதம். அகநானூறு 22இல், வெறியாடிய அதே இரவில் தலைவன் காவலைக் கடந்து வந்து தலைவியின் துயரைத் தீர்க்கிறான். பயன் வேலனுக்குச் சேருவதை எண்ணித் தலைவி நகைக்கிறாள். நோய் தீர்ந்தது உண்மை. தீர்த்தவன் யார் என்பதில்தான் ஊரார் பிழைபட்டனர். வெறியாட்டைப் பாடியதனாலேயே 'வெறிபாடிய' என்னும் அடைமொழி பெற்ற காமக்கண்ணியார் பாடிய பாட்டு இது.

தாயையும் நாம் பேதையாக்கிவிடக் கூடாது. மகள் மெலிவதை முதலில் கண்டவள் அவளே. பொருள் செலவிட்டு, உறக்கம் இழந்து, தனக்குத் தெரிந்த வழியில் எல்லாம் முயன்றவளும் அவளே. குறிஞ்சிப்பாட்டின் தொடக்கத்தில் தோழி செவிலியிடம், பல கடவுளரை நீ வழிபட்டும் நோயின் காரணம் அறியாது வருந்துகிறாய் என்று அவள் துன்பத்தையும் சேர்த்தே சொல்கிறாள். அன்பு குறைந்ததனால் வந்த பிழை அன்று இது. மகளிடம் கேட்க வேண்டிய வினாவை வேலனிடம் கேட்டதே பிழை. மகளோ நாணத்தாலும் அச்சத்தாலும் வாய் திறக்கவில்லை. இவ்விருவர்க்கும் இடையில் உள்ள மௌனத்தைப் பற்றியதே இத்துறை.

தோழியின் முறை

அந்த மௌனத்தை உடைப்பது அறத்தொடு நிலை. 261 அடிகள் கொண்ட குறிஞ்சிப்பாட்டு முழுதும் அறத்தொடு நிற்கும் தோழியின் கூற்றே. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவுறுத்தக் கபிலர் பாடியது இது என்பர். நம்மவர் இப்பாட்டில் 99 பூக்களை எண்ணிக் காட்டுவதோடு நிறைவு கொள்வதுண்டு. தோழி பேசும் முறையை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

சினவாது கேட்கவேண்டும் என்று செவிலியை வேண்டிக்கொள்கிறாள். தன் நிலையையும் உரைக்கிறாள்: போரிடும் இரு பெருவேந்தர்க்கு நடுவே நின்று அமைதி செய்யும் சான்றோர் போலத் தான் இரண்டு பெரிய அச்சங்களுக்கு நடுவே நிற்பதாகச் சொல்கிறாள். ஒருபால் தாயின் சினம். ஒருபால் தலைவியின் துயர். பிறர் துன்பத்தைக் கேட்டவர் யாவரும் நிற்கும் இடம் இது. மேலும், வெளிப்படுத்துவதால் நமக்குப் பழி உண்டோ என்று தலைவியே முதலில் கேட்டதாகவும் தோழி கூறுகிறாள். ஆகவே தலைவியின் உடன்பாடின்றி அவள் மறையை வெளியிடவில்லை. பின்னர், புனம் காத்தது, அருவியாடியது, பூத்தொடுத்தது, நாய்கள் சூழ்ந்தது, யானை வந்தது என நிகழ்ந்தவற்றை நிகழ்ந்தவாறே கூறுகிறாள். யார்மீதும் குற்றம் சுமத்தவில்லை.

தொல்காப்பியம் அறத்தொடு நிற்கும் வகைகளை எளித்தல், ஏத்தல், வேட்கை உரைத்தல், கூறுதல் உசாதல், ஏதீடு, தலைப்பாடு, உண்மை செப்பல் என ஏழாக வகுக்கும். உண்மை செப்பல் இறுதியில் நிற்கிறது. இவ்வரிசை யாப்பு நோக்கி அமைந்ததாகவும் இருக்கலாம். அதன்மேல் பெரிய கோட்பாடு கட்டவேண்டியதில்லை. ஆனால் உண்மையைச் சொல்வதற்கும் வழிகள் பல வேண்டும், கேட்பவர் ஏற்கும் பக்குவம் அறிந்து சொல்லவேண்டும் என்னும் கருத்து இப்பகுப்பில் தெளிவாக உள்ளது.

வியன்னாவும் குறிஞ்சியும்

1895இல் பிராயரும் பிராய்டும் சேர்ந்து இசிவு நோய் பற்றிய நூலை வெளியிட்டனர். அதில் அன்னா ஓ என்னும் புனைபெயரால் குறிக்கப்பட்ட நங்கை, தன் துயரைப் பேசப் பேச நோய்க்குறிகள் தணியக் கண்டு, அதனைப் 'பேச்சு மருத்துவம்' என்று அழைத்தார். 1901இல் பிராய்டு அன்றாட வாழ்வின் உளநிலை பற்றி எழுதிய நூல், நாவின் தவறும் மறதியும்கூடப் பொருள் உடையன என்று வாதிட்டது. 1922இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர் போஸ் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தை நிறுவினார்.

தோழியின் சொல்லும் வியன்னாவின் பேச்சும் ஒன்றே எனலாமா? ஆகாது. மருத்துவர் வெளியார்; தோழி வீட்டில் ஒருத்தி. மருத்துவரிடம் சொன்னது அவரோடு அடங்கவேண்டும். தோழியிடம் சொன்னதோ செவிலிக்கும், செவிலி வழி நற்றாய்க்கும், பின் தந்தை தமையன்மார்க்கும் செல்லவேண்டும். அங்கே பேசுவதே மருந்து. இங்கே பேச்சு மணத்தில் சென்று முடிந்தால்தான் நோய் தீரும். மேலும், அன்னா ஓ நூலில் கூறியவாறு முழுதும் குணமடைந்துவிடவில்லை. 1882இல் பிராயரின் மருத்துவம் முடிந்த பின்னரும் அவர் மருத்துவ இல்லத்தில் தங்க நேர்ந்தது. பெர்த்தா பாப்பென்ஹைம் என்னும் தம் இயற்பெயரோடு அவர் பிற்காலத்தில் பெண்கள் நலப் பணியில் சிறந்து விளங்கினார். பேச்சு நல்ல தொடக்கம். அதுவே முடிவன்று என்பதை இரு மரபுகளும் தத்தம் வழியில் காட்டுகின்றன.

பாட்டின் எல்லை

அகப்பாட்டின் எல்லையையும் நாம் மறைத்தல் கூடாது. அது ஆய்வது காதல் நோய் ஒன்றையே. அந்நோய்க்கு மருந்து உண்டு, அது வரைவு. தாயை இழந்த பிள்ளையின் துயர்க்கும், குடித்து அடிக்கும் தந்தைக்கு அஞ்சும் பிள்ளையின் நடுக்கத்துக்கும் வரைவு போன்ற முடிவு இல்லை. அங்கே தோழியின் முறை உதவும். தோழியின் முடிவு உதவாது.

இதனினும் கருதத்தக்கது ஒன்று உண்டு. மயிர் நீங்கின் உயிர்விடும் கவரிமாவைக் காட்டும் குறள், நீர் பெறாது மானம் கருதி உயிர்விட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறையின் வரலாறு, வடக்கிருந்த கோப்பெருஞ்சோழன் வரலாறு ஆகியவற்றை நாம் பெருமிதத்தோடு கற்பிக்கிறோம். இவை வேந்தரைப் பற்றிய, பழைய போர்க்கால அறம். தேர்வில் தோற்ற மாணவி ஒருத்தி கடைசி வரிசையில் அமர்ந்து இவற்றைக் கேட்கும்போது, இழிவு வந்தால் வாழ்தல் தகாது என்று பொருள் கொண்டால் யார் பொறுப்பு? கவரிமா உண்மையில் மயிர் நீங்கினால் இறப்பதில்லை. அது புலவர் மரபு. இதனைச் சொல்லிக் கற்பிப்பதால் குறளின் பெருமை குறையாது. மானம் என்பது இழிசெயல் செய்யாமை. தோல்வியோ துயரோ இழிசெயல் அன்று என்று சேர்த்துச் சொல்லுதல் நம் கடமை.

2022ஆம் ஆண்டு நாட்டுச் சுகாதார ஆய்வில், 13 முதல் 17 வயது வரையுள்ள நம் நாட்டு மாணவர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் மனச்சோர்வு உடையவராகக் காணப்பட்டனர். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டது. சட்டம் இரங்கக் கற்றுக்கொண்டது. நம் பொழிப்புரைகளும் அவ்வாறு கற்றுக்கொள்ள வேண்டும்.

தோட்டத்து வேலன்

ஜொகூர்த் தோட்டங்களில் பிள்ளை பயந்து ஒடுங்கினால், காற்றுக் கருப்பு என்பார்கள். முனியாண்டி கோயிலில் திருநீறு மந்திரித்துக் கயிறு கட்டுவார்கள். இதனை எள்ளுவது எளிது. ஆனால் பிள்ளைக்கு ஏதோ நேர்ந்துள்ளது என்று அக்குடும்பம் ஒப்புக்கொள்ளும் வழியும் அதுவே. கயிறு கட்டட்டும், கேட்கவும் செய்யட்டும் என்பதே என் கருத்து.

ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் பல வாரங்கள் வகுப்பில் வாய் திறவாதிருந்தான். கயிறு கட்டினர், ஆசிரியர் அதட்டினர், பயனில்லை. பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் பரிமாறும் அம்மையார் ஒருவர் மட்டும் நாள்தோறும், "சாப்பிட்டியாய்யா?" என்று கேட்டுப் பக்கத்தில் நின்றார். ஒருநாள் அவரிடம் சொன்னான்: தன்னை வளர்த்த பாட்டி குளுவாங்கில் இறந்தபோது, பள்ளித் தேர்வு கெடும் என்று தன்னை அண்டை வீட்டில் விட்டுச் சென்றனர், பாட்டி முகத்தைப் பார்க்கவில்லை. அம்மையார் அவனிடம் கேட்டுக்கொண்டே அவன் தாயிடம் இதனை எடுத்துரைத்தார். பெற்றோர் அவனைப் பாட்டி அடங்கிய இடத்துக்கு அழைத்துச் சென்றனர். அவன் உடனே தெளிந்தான் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மெல்ல மெல்லப் பேசத் தொடங்கினான். தொல்காப்பியர் வகுத்த 'இழவு' அது. நாம் அதனைச் சோம்பல் என்று எழுதியிருப்போம்.

தோழியால் தீராத நோயும் உண்டு. பல வாரம் உறங்காமை, உணவு மறுத்தல், இல்லாத குரல் கேட்டல், சாவைப் பற்றிய பேச்சு ஆகியன கண்டால் மருத்துவரிடம் அனுப்புதலே முறை. உயிர்க்கு ஊறு வரும் எனத் தோன்றுமிடத்து மறைகாத்தல் என்னும் பேச்சே இல்லை. இங்கே நம் நாக்கே தடையாக நிற்கிறது. தம்போயில் உள்ள மனநல மருத்துவமனைக்குப் பெர்மாய், அதாவது எழில் என்று பெயர். 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் தோன்றியதற்குப் பஹாகியா, அதாவது மகிழ்ச்சி என்று பெயர். நாமோ அவ்வூர்ப் பெயர்களை ஏச்சாக வழங்குகிறோம். பிள்ளைகள் அந்த ஏச்சைக் கேட்டு வளர்கின்றனர். பின்னர் உதவி வேண்டிய காலத்தில் அதற்கு அஞ்சி ஒளிகின்றனர்.

150 மாணவர்க்குக் குறைந்த நம் சிறு பள்ளிகளில் முழுநேர ஆலோசக ஆசிரியர் இருப்பது அரிது. 1970இல் கோலாலம்பூரில் தோன்றிய நண்பர் கழகமாகிய 'பிபிரண்டர்ஸ்', துயருற்றோர் சொல்வதைத் தொலைபேசியில் கேட்பதையே தொண்டாகச் செய்து வருகிறது. அத்தகைய அமைப்புகளின் எண்ணை ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டி வைத்தல் நன்று. அடுத்த முறை வெறியாட்டுத் துறையைக் கற்பிக்கும்போது, "இது மூடநம்பிக்கையை எள்ளும் பாட்டு" என்று எழுதிப்போடுவதற்கு முன், தலைவி ஏன் தாயிடம் சொல்லவில்லை என்று மாணவரைக் கேட்டுப் பாருங்கள். அவர்கள் கூறும் விடைகளில் தலைவியைப் பற்றிய செய்தி சிறிது இருக்கும். அவர்களைப் பற்றிய செய்தி பெரிது இருக்கும்.