'எப்படி' என்ற கேள்வியின் கவர்ச்சி: 'த டே ஒஃப் த ஜக்கல்' நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

எமது சிறுபத்திரிகைச் சூழலில் 'மர்ம நாவல்' என்பது ஒரு வசைச்சொல். ஒரு படைப்பை நிராகரிக்க வேண்டுமாயின் 'மர்ம நாவல்போல இருக்கிறது' என்று எழுதினால் போதும். மறுபுறத்தில், அவற்றை வாசிப்பவர்கள் 'பொழுதுபோக்குத்தானே' என்று சொல்லித் தப்பிக்கொள்கிறார்கள். அந்தக் கவர்ச்சி எங்கிருந்து வருகிறது என்று ஆராயத் தேவையில்லை என்பதில் இரு தரப்பினரும் ஒன்றுபடுகிறார்கள். எனக்கு இது உடன்பாடில்லை. இலட்சக்கணக்கானோரைக் கட்டிப்போடும் ஒரு பிரதி அவர்களது எந்தப் பசிக்குத் தீனி போடுகிறது என்ற கேள்வி அரசியற் கேள்வியும்கூட.

இதற்காக நான் எடுத்துக்கொள்வது பிரெடெரிக் போர்சைத்தின் முதல் நாவலான 'த டே ஒஃப் த ஜக்கல்' (1971). அல்ஜீரியாவைக் கைவிட்டார் என்ற ஆத்திரத்தில், பிரெஞ்சு ஜனாதிபதி சார்ள்ஸ் து கோலைக் கொல்வதற்கு ஓ.ஏ.எஸ். என்ற வலதுசாரி இரகசிய அமைப்பு ஓர் ஆங்கிலேயனைக் கூலிக்கு அமர்த்துகிறது. கூலி அரை மில்லியன் டொலர். அவனது சங்கேதப் பெயர் 'நரி'. 1962 ஓகஸ்ட் 22 அன்று து கோலின் கார்மீது நடந்த தாக்குதலும், அதற்குத் தலைமை தாங்கிய பஸ்தியன்-திரிக்கு 1963 மார்ச் 11 அன்று நிறைவேற்றப்பட்ட மரணதண்டனையும் வரலாறு. நரி கற்பனை.

முடிவு எல்லோருக்கும் தெரிந்ததே. து கோல் 1970 நவம்பர் 9 அன்று தமது வீட்டில் இயற்கை மரணமெய்தினார். அந்த ஆண்டின் தொடக்கத்தில் போர்சைத் 35 நாட்களில் இந்நாவலை எழுதி முடித்தபோது அவர் உயிரோடிருந்தார். கொலை நடக்கவில்லை என்பது உலகுக்கே தெரியும், பிறகு யார் இதை வாசிப்பார்கள் என்று கருதிய பதிப்பாளர்கள் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பினார்கள். தர்க்கம் சரி, வாசகர் பற்றிய கணிப்புத்தான் பிழை. 'நடக்குமா' என்ற கேள்வியை அகற்றிவிட்டு அந்த இடத்தில் 'எப்படி நடக்கும்' என்ற கேள்வியை வைத்தார் போர்சைத். இறந்துபோன குழந்தையொன்றின் பெயரில் கடவுச்சீட்டு எடுக்கிறான் நரி. துவக்குச் செய்பவனிடம் தனக்குத் தேவையானதை அளவு சொல்லிச் செய்விக்கிறான். காட்டுக்குள் ஒரு பழத்தைக் கட்டித் தொங்கவிட்டுக் குறியைச் சரிபார்க்கிறான். இவையெல்லாம் பத்திரிகைச் செய்தியின் உணர்ச்சியற்ற மொழியில் சொல்லப்படுகின்றன. நூறு பக்கம் போவதற்குள் அவனது வேலை பிசகக்கூடாதே என்று நாம் பதறத் தொடங்கிவிடுகிறோம்.

கவனிக்கவும்: 'வேலை' என்றேன். முன்னர் விரிவுரையாளனாகவும் இப்போது பொதியிடும் தொழிற்சாலையொன்றில் தொழிலாளியாகவும் இருக்கின்ற எனக்கு இந்நாவலின் கவர்ச்சி இங்கேதான் பிடிபடுகிறது. எட்டு மணித்தியாலம் ஒரே அசைவைச் செய்கிறோம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது, அது யாருக்குப் போகிறது என்று எங்களுக்குத் தெரியாது. நரியோ தானே திட்டமிடுகிறான், கருவிகளைத் தானே தெரிவு செய்கிறான், தொடக்கத்திலிருந்து முடிவுவரை தன் உழைப்பைத் தன் கையிலேயே வைத்திருக்கிறான். அவனுக்கு மேல் ஷெஃப் இல்லை. அந்நியமாதல் பற்றி நாங்கள் வகுப்பெடுத்தோம்; போர்சைத் அந்நியமாகாத ஒரு தொழிலாளியைப் படைத்துக் காட்டினார். அந்தத் தொழில் கொலையாக இருப்பதுதான் விபரீதம். ரத்தவெறியைவிடவும், முழுமையான உழைப்புக்கான ஏக்கமே இந்த நாவலை இரவு முழுக்க வாசிக்க வைக்கிறது என்பது எனது கருத்து.

ஆனால் 'எப்படி'க்குத் தரப்படும் ஒவ்வொரு பக்கமும் 'ஏன்' என்பதிலிருந்து பறிக்கப்பட்ட பக்கம். அல்ஜீரியாவால் மூண்ட பகையில் பிறந்த கதையில் அல்ஜீரியருக்குக் குரல் இல்லை. நரியைத் துரத்தும் லெபெல் என்ற பொலிஸ் அதிகாரியின் பொறுமையையும் நேர்மையையும் நாம் வியக்கிறோம். அதே பாரிஸில்தான் 1961 ஒக்டோபர் 17 அன்று, மொறிஸ் பப்போனின் கீழிருந்த பொலிஸ், ஊர்வலம் வந்த அல்ஜீரியர்களைக் கொன்று செய்ன் நதியில் வீசியது. நாவலுக்குள் கொவால்ஸ்கி என்ற முன்னாள் படைவீரன் அரச உளவாளிகளால் சித்திரவதை செய்யப்பட்டுச் சாகிறான். அவனது முனகலில் 'நரி' என்ற சொல் கிடைத்ததும் கதை நகர்கிறது, நாமும் அவனைக் கடந்துபோகிறோம். சித்திரவதை இங்கே தகவல் பெறும் ஒரு வழிமுறையாகச் சுருங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு முரண் உண்டு. போர்சைத் பியாஃப்ராப் போரை நேரில் கண்டவர். அதன் காரணங்களை விளக்கி 1969இல் 'த பியாஃப்ரா ஸ்ரோறி' என்ற நூலை எழுதினார். 1970 ஜனவரியில் பியாஃப்ரா சரணடைந்தது. அதே மாதத்தில்தான் அவர் இந்நாவலை எழுதத் தொடங்கினார். 'ஏன்' என்று கேட்ட நூலுக்குப் பிறகு 'எப்படி' என்று கேட்ட நூல். அவரை உலகறியச் செய்தது இரண்டாவதுதான்.

'எப்படி' புத்தகத்துக்குள் அடங்கியும் கிடக்கவில்லை. லண்டன் பொலிஸின் இரகசியப் பிரிவினர் அரசியல் இயக்கங்களுக்குள் ஊடுருவுவதற்கு இறந்த குழந்தைகளின் பெயர்களைப் பயன்படுத்திய செய்தி 2013இல் அம்பலமானது. அம்முறைக்கு அவர்கள் தமக்குள் இந்நாவலின் நரியின் பெயரையே இட்டிருந்தார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அது தெரிந்திருக்கவில்லை.

இனி எங்களிடம் வருவோம். 1975 யூலை 27 அன்று யாழ்ப்பாண மேயர் துரையப்பா பொன்னாலை வரதராஜப் பெருமாள் கோயிலடியில் சுட்டுக் கொல்லப்பட்டார். சிறுவனாக நான் கேட்டு வளர்ந்த கதையில் யார் எங்கே நின்றார்கள், எப்படிச் சுட்டார்கள், எப்படித் தப்பினார்கள் என்ற விபரமெல்லாம் இருந்தது. செத்தவர் யார், ஏன் சாகவேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. பின்வந்த ஆண்டுகளில் ஒழுங்கைகளில் சடலங்கள் கிடந்தபோதும் தேநீர்க் கடைகளில் 'துப்புரவாய்ச் செய்திருக்கிறாங்கள்' என்றுதான் பேசிக்கொண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் கொடியவர்களல்லர். 'ஏன்' என்று கேட்பது ஆபத்தாக இருந்த காலத்தில், 'எப்படி' என்பதே அச்சமின்றிப் பேசக்கூடிய ஒரே கேள்வியாக இருந்தது. அதில் மெல்லிய இரசனையும் கலந்திருந்தது. கொலையை வேலைத்திறனாகப் பார்க்கும் அந்தக் கண்ணுக்கு போர்சைத்தின் வாசகனுடைய கண் தூரத்து உறவல்ல.

இந்நாவலை வாசிக்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. நான் மூன்றுமுறை வாசித்திருக்கிறேன். நான்காவது முறையும் வாசிப்பேன். ஒரு வீரருக்குப் பதக்கம் அணிவித்துவிட்டு அந்த உயர்ந்த மனிதர் முத்தமிடக் குனிகிறார், குண்டு அவரைத் தவறிப்போகிறது. அந்தக் கணத்தில் எமக்குள் எழுவது நிம்மதியா, ஏமாற்றமா? தன்னை நேர்மையாகக் கவனிக்கும் வாசகர் சிறிது ஏமாற்றத்தையும் அங்கே காண்பார். அந்த ஏமாற்றத்தைப் பற்றிப் பேசாமல் எமது போராட்ட இலக்கியம் பற்றியோ, எமது மௌனங்கள் பற்றியோ நாம் எழுதும் விமர்சனங்கள் அரைகுறையானவையாகவே இருக்கும்.