ஹெளவரின் புத்தகம் சொல்வதும் சொல்லாததும்

மைசூருக்குத் தெற்கே 23 கிலோமீட்டரில், கபினிக் கரையில் இருக்கிறது நஞ்சன்கூடு. நஞ்சுண்ட சிவனின் ஊர். சுற்றுவட்டாரத்தில் நஞ்சுண்டய்யா, நஞ்சப்பா, நஞ்சம்மா என்ற பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. பழைய கிரயப் பத்திரம் ஒன்றில் வரும் நஞ்சப்பா எந்த வீட்டு நஞ்சப்பா என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு. குடும்ப வரலாறு தேடிக் கிளம்புகிறவர்கள் முட்டிக்கொள்ளும் முதல் இடம் இதுதான். காகிதம் பெயரைத் தரும். ஆளை அடையாளம் காட்டாது.

ஆளை அடையாளம் காட்டக்கூடியவர்கள் ஹெளவர்கள். ஹெ-ள-வர் என்று பிரித்துப் படிக்க வேண்டும். கன்னடத்தில் ஹெளவ என்றால் கால் ஊனமுற்றவன். தங்களுக்கு உரிமைப்பட்ட குடும்பங்களைத் தேடி ஊர் ஊராகப் போய், அவர்களுடைய வம்சாவளியைச் சொல்லி, தானியமும் துணியும் பணமும் பெறுகிற நாடோடிச் சமூகம். காளையின் மேல் அமர்ந்து, கால்களைக் கம்பளியால் மூடி வருகிறவர்கள் என்று, தென்னிந்தியச் சாதிகளைப் பற்றி 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுதிகள் இவர்களைக் காட்டுகின்றன. ஓலையிலும் செப்பேட்டிலும் இருந்த கணக்கு பின்னாளில் தடித்த புத்தகங்களுக்கு மாறியது. இன்று வட கர்நாடகத்தில்தான் இவர்கள் நடமாட்டம் அதிகம்.

குடும்ப வரலாற்றுச் சங்கம் என்று நாம் இன்று சொல்வதை, பலகையும் சந்தாவும் இல்லாமல் செய்துவந்தவர்கள் இவர்கள். இவர்களுடைய முறையின் உண்மையான வலிமையை ஹரித்வாரோடு ஒப்பிட்டால் புரியும். அங்கே புரோகிதர்களான பண்டாக்களின் பஹி ஏடுகளில் பெயர் ஏற வேண்டுமென்றால் குடும்பத்தில் ஒருவர் கங்கைக்குப் போயாக வேண்டும். யூட்டா வம்சாவளிச் சங்கம் 1977 முதல் நுண்படமெடுத்த அந்த ஏடுகள் யாத்திரை போனவர்களின் வரலாறு. போக வசதியில்லாத கிளைகள் அதில் மெலிந்துவிடும். ஹெளவர் முறையில் ஏடே வீட்டு வாசலுக்கு வருகிறது. போன முறை வந்தபோது கைக்குழந்தையாக இருந்தவன் இந்த முறை தகப்பனாகியிருப்பான்; அதை ஹெளவர் எழுதிக்கொள்கிறார். வேறு ஊருக்குக் குடிபோன தம்பி எங்கே இருக்கிறான் என்று கேட்டு அங்கேயும் போகிறார். அறுந்துபோன பங்காளி உறவுகளை ஒட்டவைக்கும் வேலை இது. எந்த ஆவணக் காப்பகமும் இதைச் செய்வதில்லை.

ஆனால் வாய்வழி வம்சாவளிகளிடம் இடத்தைக் கேட்கலாம், உறவைக் கேட்கலாம், காலத்தைக் கேட்கக் கூடாது. இதற்கு நஞ்சன்கூட்டோடு தொடர்புள்ள நல்ல சான்று நீலகிரியில் இருக்கிறது. தங்கள் முன்னோர் மைசூர்ச் சமவெளியில், உம்மத்தூர், நஞ்சன்கூடு பக்கத்திலிருந்து மலையேறியவர்கள் என்பது படுகர்களின் மரபு. கன்னடத்துக்கு நெருக்கமான அவர்கள் மொழி இந்த மரபுக்குத் துணை நிற்கிறது; நஞ்சன் என்ற பெயரும் அவர்களிடம் உண்டு. ஏன் கிளம்பினார்கள் என்றால், பெண் கேட்ட முஸ்லிம் அரசனுக்கு அஞ்சி என்பார்கள். சிலர் அந்த அரசனைத் திப்பு சுல்தான் என்றே சொல்லிவிடுவார்கள். திப்பு அரியணை ஏறியது 1782இல். யேசு சபைப் பாதிரியார் ஃபினிசியோ 1603இல் நீலகிரிக்கு வந்தபோதே படுகர்கள் அங்கே ஊர் அமைத்து வாழ்ந்துகொண்டிருந்தார்கள். விஜயநகரம் சரிந்த காலத்தை ஒட்டியே குடிபெயர்வு தொடங்கியது என்பது படுகர்களிடையே பல்லாண்டு ஆய்வு செய்த பால் ஹாக்கிங்ஸின் கணிப்பு. திசை சரியாக நிலைத்திருக்கிறது, வந்தவர்கள் இன்னார் என்பதும் நிலைத்திருக்கிறது. காலம் மட்டும் இருநூறு ஆண்டு வழுக்கி, எல்லோருக்கும் தெரிந்த ஓர் அரசனின் தலையில் போய் நின்றுவிட்டது. இன்றைய மதப் பகைக்குத் தீனியாகும் பிழை என்பதால், இதைச் சிறு தவறு என்று என்னால் விட முடியவில்லை.

காலத்துக்குக் கல்வெட்டுகளிடம் போகலாம். 1894இல் கல்வெட்டாய்வாளர் ரைஸ் வெளியிட்ட எபிகிராஃபியா கர்நாடிகா மூன்றாம் தொகுதியில் நஞ்சன்கூடு வட்டத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஆனால் தானம் கொடுத்தவனையும் போரில் விழுந்தவனையும்தான் கல் நினைவில் வைக்கும். பக்கத்து ஊரான களலேயிலிருந்து வந்த மைசூர்த் தளவாய்களுக்குத் தனி வம்சாவளி நூலே உண்டு; தளவாய் தேவராஜர் 1735இல் கபினி மேல் கட்டிய பாலமும் உண்டு. அதற்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எந்த ஏட்டைப் புரட்டுவார்கள்? ஹெளவர் முறையும் இந்தக் குறைக்கு விலக்கல்ல. கொடுக்கிறவர் வீட்டுப் பெயர்தான் புத்தகத்தில் வளரும். மேலும், சோறு போடுகிறவரின் முன்னோரைச் சிறுமைப்படுத்தி எந்தப் புலவர் பாடுவார்?

இதைவிட என்னை உறுத்துவது பெண்கள். வம்சாவளி ஆண் வழியே ஓடுவது. 1887இல் பிறந்த நஞ்சன்கூடு திருமலாம்பாவை எடுத்துக்கொள்வோம். வக்கீல் வெங்கடகிருஷ்ண ஐயங்காரின் மகள். பதினான்கு வயதில் கைம்பெண். பிறகு தந்தை வீட்டிலிருந்தபடி நாவல்கள் எழுதி, 'சதி ஹிதைஷிணி' என்று சொந்தமாக நூல் வரிசை நடத்தி, பெண்களுக்குப் பத்திரிகையும் நடத்தியவர். நவீன கன்னட இலக்கியத்தின் முதல் பெண் எழுத்தாளர்களில் ஒருவர். வம்சவிருட்சத்தில் அவருக்கு என்ன இடம்? பிறந்த வீட்டில் கட்டிக்கொடுக்கப்பட்ட மகள். புகுந்த வீட்டில் பிள்ளையில்லாத மருமகள். இரண்டு மரத்திலும் கிளை இல்லை. ஊரின் பெயரை இலக்கியத்தில் நிறுத்தியவருக்கே இந்தக் கதி.

அரசு தரும் வம்சவிருட்சச் சான்றிதழில் இன்று மகள்கள் இடம்பெறுகிறார்கள். கர்நாடகம் 1994இலும், நாடு முழுவதற்குமாக நாடாளுமன்றம் 2005இலும் மகளுக்குப் பூர்விகச் சொத்தில் சம பங்கு தந்தன. பங்கு வந்ததும் பெயரும் வந்தது. இதிலிருந்து தெரிவது ஒன்று: எந்த வம்சப் பட்டியலும் பிறப்பின் கணக்கு மட்டுமல்ல, உரிமையின் கணக்கு. எஸ்.எல். பைரப்பா 1965இல் எழுதிய 'வம்சவிருட்சம்' நாவலின் சீனிவாச சுரோத்திரி, இதே நஞ்சன்கூட்டில், கடைசிக் காலத்தில்தான் இதைத் தெரிந்துகொள்கிறார். குலத்தூய்மைக்காக மருமகளை இழந்தவர், சொத்து பங்காளிக்குப் போய்விடக் கூடாதென்று வேறொருவர் மூலம் பெறப்பட்ட பிள்ளை தான் என்று அறிகிறார்.

இப்போது ஹெளவர் ஏடுகளைப் படமெடுத்து வைக்க வேண்டும் என்று பேசுகிறோம். செய்யத்தான் வேண்டும், விரைவாக. ஆனால் ஏட்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் போதாது. அவரைத் திண்ணையில் உட்காரவைத்து முழுதும் சொல்லச் சொல்லிப் பதிவுசெய்ய வேண்டும். ஓரிடத்தில் குரல் தயங்கும், ஒரு பெயரை வேகமாகத் தாண்டிப் போவார். அங்கே நிறுத்தி, அந்தத் தலைமுறையில் மகள்கள் எத்தனை பேர், எந்த ஊருக்குப் போனார்கள் என்று கேட்க வேண்டும். அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவர் தேடிப்போகும் பங்காளி வீடுகளில் பலவும் அந்த மகள்களின் ஊர்களைத் தாண்டித்தான் இருக்கின்றன.