தீவாரும் அந்நியரும்

அப்போஸ்தலர் நடபடிகள் 28-ஆம் அதிகாரத்தில், நம் சபையாருக்குப் பழகிய பழைய திருப்புதல் ஆளும் ஒரு சொல்லைக் குறித்து இங்கு எழுதத் துணிகிறோம். பவுல் உட்பட 276 பேர் கப்பற்சேதத்திற்குத் தப்பி மெலித்தா தீவில் கரையேறுகின்றனர். மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீ மூட்டிய தீவு மக்களை அத்திருப்புதல் 'அந்நியர்' என்கிறது. சொந்த மண்ணில் நிற்பவர் அந்நியர். அலை ஒதுக்கிய வந்தேறிகளோ 'நாங்கள்'. இம்முரணைக் கவனியாமலே நாம் பல்லாண்டுகள் பிரசங்கித்து வந்திருக்கிறோம்.

குற்றம் முழுவதும் மொழிபெயர்ப்பாளருடையதன்று. லூக்கா எழுதிய 'பார்பரோய்' என்னும் சொல் முதற்கண் கிரேக்கம் பேசாதாரைக் குறிப்பது. மெலித்தாவார் பேசியது பினீக்கியர் வழிவந்த பூனிக்க மொழி. கிறிஸ்துவுக்கு முற்பட்ட 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அத்தீவுக் கற்களில் பூனிக்கமும் கிரேக்கமும் அருகருகே பொறிக்கப்பட்டுள்ளன. ஆகவே அவர்களை நாகரிகமற்றோர் எனக் கொள்ள இடமில்லை. பேச்சைப் பற்றிய சொல், தமிழில் உறவைப் பற்றிய சொல்லாகிவிட்டது. பவுலோ 1 கொரிந்தியர் 14:11-இல் அதே சொல்லை இருபுறமும் செல்லுமாறு ஆள்கிறார். பொருள் விளங்காதவிடத்து, பேசுகிறவனும் கேட்கிறவனும் ஒருவருக்கொருவர் அந்நிலையினரே. லூக்காவையும் அவ்வாறே படித்தல் தகும்.

1995-இல் வெளிவந்த திருவிவிலியம் அச்சொல்லையே விடுத்துத் 'தீவினர்' என்றமைகிறது. மரியாதையான தமிழ்தான். ஆயினும், மொழி விளங்காமலே நெருப்பு மூட்டப்பட்டது என்னும் செய்தி அத்துடன் மறைந்துபோகிறது. 'வேற்றுமொழி பேசிய அத்தீவார்' என்பது பொருந்துமென்பது நம் கருத்து. தீவின் தலைவனான புபிலியுவைப் பழைய திருப்புதல் 'முதலாளி' என்பதும் ஆராயத்தக்கது. அக்காலத்தில் அது முதல்வனைக் குறித்திருக்கலாம். இன்று கடற்கரைச் சபையொன்றில் வாசித்தால், படகுக்கும் வலைக்கும் முன்பணம் தருபவரையே கேட்போர் நினைப்பர்.

கடற்கரையைச் சொல்லக் காரணமுண்டு. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் வழியில் செம்மங்குப்பம் இருக்கிறது. அங்கே 'குப்பம்' ஊர்ப்பெயரின் பாதி. நகரத்தார் வாயில் அதுவே இழிசொல். இன்னும் தெற்கே, பிச்சாவரத்துக் கழிகளுக்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணலில் எம்.ஜி.ஆர். திட்டு என்னும் மீனவர் குடியிருப்பு இருந்தது. ஊர்ப்பெயரில் உள்ளது திட்டு. தீவு என்பது நாம் இடும் சொல். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை உயிர்களைக் கொண்டுபோனபின், அம்மக்கள் உள்நிலத்தில் குடியமர்த்தப்பட்டனர். நிவாரண ஏடுகளில் இத்தகையோருக்கு வாய்த்த பெயர் 'பயனாளிகள்'. மெலித்தாவில் நெருப்புக் காய்ந்தவர் எழுதினர். இங்கே நெருப்பு மூட்டியவர் எழுதினர். ஈரிடத்தும் எழுதுகோல் தீவாரிடம் இல்லை. அவ்வேடுகளை நிரப்பியோரில் நம் திருச்சபைகளின் ஊழியரும் உண்டு என்பதை நாம் மறைப்பதற்கில்லை.

பிரசங்க பீடத்திலோ நாம் இன்னும் ஒருபடி மேலே செல்கிறோம். பவுல் அத்தீவில் தங்கிய மூன்று மாதங்களில் ஊர் முழுவதும் மனந்திரும்பியதாகச் சேர்த்துரைப்போரைக் கேட்டிருக்கிறோம். லூக்கா அங்கே பிரசங்கம் ஒன்றையும் குறிக்கவில்லை. ஜெபமும், நோயாளிகள்மேல் கைவைத்தலும், புறப்படுகையில் தீவார் பயணத்திற்கென ஏற்றிவிட்ட பொருள்களுமே அவர் எழுதிவைத்தவை.