ஒட்டுக்கல் முகப்பு திருத்தணி வெயிலைத் தாங்குமா?

திருத்தணி வீரட்டானேசுவரர் கோயில், 9ஆம் நூற்றாண்டின் இறுதியில் பல்லவன் அபராஜிதவர்மன் காலத்தில் நம்பி அப்பி எடுப்பித்த கற்றளி. தூங்கானை வடிவ விமானம். 1,100 ஆண்டு வெயிலையும் மழையையும் பார்த்துவிட்டது. அங்கே கல்தான் சுவர்; கல்லை நிறுத்தி வைப்பது அதன் எடை. இன்று வீட்டு எலிவேஷனுக்கு விற்கும் ஃப்ளெக்சிபிள் ஸ்டோன் இதற்கு நேர்மாறான சரக்கு. மொத்தத் தடிமனே 2 மில்லிமீட்டர் வாக்கில்தான் இருக்கும். அதைச் சுவரில் பிடித்து வைத்திருப்பது பசை.

ஸ்லேட் ஏடு ஏடாகப் பிரியும் கல். அதன் முகத்தில் கண்ணாடி இழைத் துணியை விரித்து, பாலியெஸ்டர் பிசின் தடவி, இறுகியதும் துணியோடு சேர்த்து உரித்துவிடுகிறார்கள். ஒரே கல்லிலிருந்து பல தாள்கள் கிடைக்கின்றன. களிமண்ணும் கல்தூளும் பாலிமரும் கலந்து வார்த்த தகடும் இதே பெயரில் கடைக்கு வருகிறது. வாங்கும்போது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். இங்கே நான் பேசுவது முதல் வகையைப் பற்றி.

இதன் பெரிய பலம் எடை. 4க்கு 2 அடித் தாள் ஒன்றரை கிலோ அளவுதான் வரும். அதே அளவு 20 மில்லிமீட்டர் கிரானைட் பலகை சுமார் 40 கிலோ. பழைய கைப்பிடிச் சுவரிலோ மாடி முகப்பிலோ அந்தப் பாரத்தை ஏற்ற எந்த மேஸ்திரியும் தயங்குவார். உருண்டைத் தூணையும் இது சுற்றிவரும். அறுக்கும் தூசி குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். வரவேற்பறை, லாட்ஜ் வரவேற்பு மேசை, நிழல் விழும் போர்டிகோ ஆகியவற்றுக்கு இதைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை.

தொல்லை மேற்குச் சுவரில்தான். திருத்தணியில் கோடை வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது ஆண்டுதோறும் செய்தியாகும் சங்கதி. அது நிழலில் அளக்கும் காற்றின் வெப்பம். பிற்பகல் வெயில் நேராக அடிக்கும் கருநிற ஸ்லேட்டின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தொட்டுவிடும். சாதாரண பாலியெஸ்டர் பிசின் விறைப்பை இழக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அங்கேதான். போதாததற்கு, பிசின் கல்லைவிட அதிகமாக விரியும். 10 அடி சிமென்ட் சுவரே 30 டிகிரி ஏறினால் 1 மில்லிமீட்டர் வாக்கில் நீளும். அதன்மேல் ஒட்டிய தாள் வேறொரு கணக்கில் நீளும். காலையில் சுருங்கி, மாலையில் விரிந்து, இந்த இழுபறியைத் தினமும் பசைதான் வாங்கிக்கொள்கிறது. தாள்களுக்கு இடையே 2, 3 மில்லிமீட்டர் இடைவெளி விடாமல் நெருக்கி ஒட்டினால் முதலில் கிளம்புவது மூலைகள். விரல் நகம் நுழையும் அளவு கிளம்பிவிட்டால், ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

அடுத்தது ஓதம். செங்கல் சுவர் தரையிலிருந்து ஈரம் இழுக்கும். வெறும் பூச்சு என்றால் அது ஆவியாகிப் போகும். கண்ணாடி இழையும் பிசினும் அந்த வழியை அடைத்துவிடுகின்றன. ஈரத்தோடு வந்த உப்பு தாளுக்குப் பின்னால் தங்கி, பூச்சையே பொரிய வைக்கும். நாணயத்தால் தட்டிப் பாருங்கள். ஒட்டிய இடமும் விட்ட இடமும் வேறு வேறு ஓசை தரும். இதற்குக் கல் விற்றவரைத் திட்டிப் பயனில்லை. குற்றம் பெரும்பாலும் சுவரில் இருக்கும்: ஆறாத பூச்சு, சுரண்டாமல் விட்ட பழைய சுண்ணாம்பு, மலிவுப் பசை. ஓடும் கல்லும் பதிக்கும் பசைக்கு ஐ.எஸ். 15477 என்ற இந்தியத் தர நிர்ணயம் இருக்கிறது. மூட்டையில் அந்த எண்ணைத் தேடும் பழக்கம் நமக்கு இன்னும் வரவில்லை. தாளுக்கு எந்த வகைப் பசை என்று தயாரிப்பாளர் சொல்லியிருப்பதையும் யாரும் படிப்பதில்லை.

நெருப்பையும் சொல்லியாக வேண்டும். கல் எரியாது, பிசின் எரியும். லண்டன் கிரென்ஃபெல் கோபுரத்தில் 2017இல் 72 பேர் உயிர்போகக் காரணமான முகப்புத் தகடு வேறு வகை, அலுமினியத்துக்கு நடுவே பாலிஎதிலீன் வைத்தது. இரண்டையும் ஒன்றாக்குவது நியாயமில்லை. ஆனாலும் பல மாடி லாட்ஜுக்கு வெளிமுகம் முழுக்க ஒட்டுகிறவர் தீச்சோதனைச் சான்றைக் கேட்டு வாங்கட்டும். கார்த்திகைக்கு அகல் வரிசை வைக்கும் மாடத்தையொட்டி இது வேண்டவே வேண்டாம்.

உத்தரவாதக் காகிதத்தில் தாளுக்கு எத்தனை ஆண்டு, ஒட்டிய வேலைக்கு எத்தனை ஆண்டு என்று தனித்தனியாகப் பாருங்கள். இரண்டாவதற்கு வாய்வார்த்தை மட்டும் என்றால் அந்த உத்தரவாதம் பாதிதான். தாள் ஒன்று கெட்டு மாற்றும்போது நிறம் பொருந்தாது என்பதால், ஒரே லாட்டில் நாலைந்து கூடுதலாக வாங்கி வையுங்கள்.

என் தீர்ப்பு இது: உள்ளே ஒட்டலாம், வெளியே நிழல் பக்கம், தரையிலிருந்து இரண்டடி விட்டு, வெளிர்நிறத் தாளாகப் பார்த்து ஒட்டலாம். அடியில் கருங்கல் பதியுங்கள். மேற்குச் சுவருக்கு நல்ல பூச்சும் பெயின்டும் போதும்.