தொலையாத நூலைக் கண்டெடுத்த கதை

சீவக சிந்தாமணியை உ.வே.சாமிநாதையர் 'கண்டெடுத்தார்' என்று மேடைதோறும் சொல்கிறோம். இந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. தொலைந்த பொருளைத்தானே கண்டெடுக்க முடியும்?

ஐயர் சைவ ஆதீனத்தின் நிழலில் தமிழ் கற்றவர். 1880இல் குடந்தைக் கல்லூரி ஆசிரியரானார். முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியார் 'சிந்தாமணி படித்ததுண்டா?' என்று கேட்ட பிறகே அந்த நூல் பக்கம் திரும்பினார். நச்சினார்க்கினியர் உரை கையில் இருந்தும் சமணக் கோட்பாடுகள் பிடிபடவில்லை. ஊரிலிருந்த சமணர் வீட்டுக்குப் போனார். வாசலில் தோரணம். என்ன விசேஷம் என்று கேட்டால், சிந்தாமணி படித்து அன்றுதான் பூர்த்தி செய்தார்களாம்! நாடே மறந்த நூல் என்கிறோம். அந்த வீடுகள் மறக்கவே இல்லை.

சந்திரநாத செட்டியார் முதலானோர் கேட்டதற்கெல்லாம் விளக்கம் சொன்னார்கள். 'நீர் சைவர், உமக்கெதற்கு?' என்று விரட்டவில்லை. அவர்கள் சுமந்த பழியோ லேசானதல்ல. சிந்தாமணி பொய்ந்நூல், அதில் மயங்கிய சோழனை மீட்கவே பெரியபுராணம் பிறந்தது என்று சேக்கிழார் புராணம் சொல்கிறது. அந்தப் 'பொய்ந்நூல்' 1887இல் அச்சேறியது. சைவரில் சிலர் முகம் சுளித்தார்கள். நூல் கல்லூரிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நம்மிடம் நீலகேசியும் உண்டு. பௌத்தர், ஆசீவகர், வேதவாதியர் என்று வரிசையாக வாதில் வெல்கிறாள். அருமையான நூல்தான், 1936இல் பேராசிரியர் அ.சக்கரவர்த்தி பதிப்பித்தார். ஆனால் வாதில் தோற்றவன் நம் வீட்டுக்கு வந்து படிக்க மாட்டான். குடந்தைக்காரர்கள் வாதாடவில்லை, சொல்லிக்கொடுத்தார்கள். எல்லா ஊருக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். நம் புணேயில் 1848இல் பள்ளி தொடங்கிய ஜோதிராவ் புலேயும் சாவித்திரிபாயும் ஊரை எதிர்த்தே நிற்க வேண்டியிருந்தது. அங்கே பூட்டியிருந்தது அடுத்தவர் கதவு. குடந்தையில் திறக்க வேண்டியது சொந்தக் கதவு.

ஐயர் நன்றி மறந்தவரல்லர். 'என் சரித்திர'த்தில் பெயர் சொல்லியே எழுதியிருக்கிறார். பெயர்களை உதிர்த்தது பின்னால் வந்த நாம்தான்.

2014இல் மத்திய அரசு சமணரைச் சிறுபான்மையினர் என்று அறிவித்தது. நல்லதுதான். இருந்தாலும் என் கடைக்கு வரும் தமிழர்களே இன்றும், "ஜெயின்னா மார்வாடிதானே? தமிழ் எங்கே கத்துக்கிட்டீங்க?" என்கிறார்கள். கல்லாவுக்குப் பக்கத்திலேயே சிந்தாமணியை வைத்திருக்கிறேன், எடுத்துக் காட்ட.