பக்கத்தைப் புரட்டும் கை

அந்தி மயங்கி விளக்கேற்றும் வேளையில், இடுப்பில் என்னையும் கையில் பருப்புச் சோற்றுக் கிண்ணத்தையும் வைத்துக்கொண்டு வாசலில் நின்று, "இந்த ஒரு வாய் வாங்கிக்கொள்ளாவிட்டால் பூச்சாண்டி வந்து பிடித்துக்கொண்டு போய்விடுவான்" என்று தெருமுனை இருட்டைச் சுட்டிக்காட்டிய என் பாட்டியே, இரவு முற்றத்தில் பாயை விரித்துப் படுத்த பிறகு, அதே பூச்சாண்டியை ஒரு சிறு பெண் ஏமாற்றி ஓட்டிவிட்ட கதையையும் சொல்லுவாள். மாலையில் வந்த பூச்சாண்டிக்கு நான் அழுதேன். இரவில் வந்த பூச்சாண்டியை, "இன்னொரு தரம் சொல்லு பாட்டி" என்று நானே வலிய அழைத்தேன். பாட்டியும் ஒருத்தி, பூச்சாண்டியும் ஒருவன், இருட்டும் அதே இருட்டு. அப்படியிருக்க ஒன்று கசந்து மற்றொன்று இனித்ததன் காரணத்தை, என் பேத்திக்குக் கதைப் புத்தகம் தேடத் தொடங்கிய இந்த வயதில்தான் நிதானமாக யோசித்துப் பார்த்தேன். மாலையில் அச்சத்தின் கயிறு பாட்டியின் கையில் இருந்தது. இரவில் அது என் கைக்கு வந்துவிட்டது. "போதும்" என்றால் கதை நிற்கும், "அப்புறம்?" என்றால் தொடரும். சிறு குழந்தைகளுக்கென்று எழுதப்படும் பயக் கதைகளை நான் நிறுத்துப் பார்ப்பது இந்த ஒரே தராசில்தான்.

அச்சத்தைக் குழந்தையின் கண்ணில் படாமல் மறைத்துவிட வேண்டிய பண்டமாக நம் முன்னோர் கருதியதில்லை. அச்சச் சுவையாகிய பயானகத்தை ரசங்களுள் ஒன்றாக நாட்டிய சாஸ்திரம் ஏற்றுக்கொண்டது. தொல்காப்பியரோ மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளுள் அச்சத்துக்கும் ஓர் இடம் கொடுத்து, அது அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினின்றும் பிறக்கும் என்று வரையறுத்துவிட்டார். மாணவப் பருவத்தில் அந்தச் சூத்திரத்தைப் பரீட்சைக்காக உருப்போட்டபோது தோன்றாத வியப்பு, புத்தகக் கடையில் குழந்தை நூல்களின் அலமாரிக்கு முன் நிற்கும்போது இப்போது தோன்றுகிறது. பேயும் பூதமும் அணங்கு. ஓநாயும் புலியும் விலங்கு. கறுப்புத் தொப்பிக் கொள்ளைக்காரன் கள்வன். நான்காவதாகிய இறை, அதாவது அரசன், யார் என்று கேட்டால், நான்கு வயதுக் குழந்தையின் ராஜ்யத்தில் அது தாய்தான். அம்மா கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டுவிடுவாளோ என்கிற பயத்துக்கு முன்னால் மற்ற மூன்றும் எம்மாத்திரம்!

அமெரிக்கச் சித்திரக்காரர் மாரிஸ் செண்டாக் 1963-இல் வெளியிட்ட 'வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்' என்னும் சிறு நூலை இந்தக் கலையின் சிகரம் என்று நான் கூசாமல் சொல்வதற்குக் காரணம், அது அந்த நான்காவது அச்சத்தில் கைவைத்ததுதான். ஓநாய் வேஷம் போட்டுக்கொண்டு வீட்டில் அட்டகாசம் செய்கிற மாக்ஸ் என்னும் சிறுவன், கண்டித்த தாயையே தின்றுவிடுவேன் என்று சீறுகிறான். இராச் சாப்பாடு இல்லாமல் படுக்கைக்கு அனுப்பப்படுகிறான். அன்றிரவு அவன் அறைக்குள்ளேயே ஒரு வனம் முளைக்கிறது. ஒரு கடல் வருகிறது. ஓடம் ஏறிப் போனவன், கொம்பும் நகமும் மஞ்சள் விழியுமாக உறுமுகிற மகா உருவங்களின் தீவில் இறங்கி, இமை கொட்டாமல் அவற்றின் கண்களை உற்றுப் பார்த்தே அவற்றை அடக்கி, அவற்றுக்கு அரசனாகவும் ஆகிறான். இறைக்கு அஞ்சி வந்த பிள்ளை அங்கே தானே இறையாகிவிட்ட இந்தத் திருப்பத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

எழுத்து சொல்லாமல் விட்டதைச் சித்திரம் எப்படி நிறைவேற்றுகிறது என்பதைத்தான் வாசகர்கள் கவனிக்க வேண்டும். முதற் பக்கங்களில் படம் சிறியது. அதைச் சுற்றி அகலமான வெள்ளை ஓரம், வீட்டுச் சுவர்போல நிற்கிறது. வனம் வளர வளர அந்த ஓரம் குறைந்து, படம் தாள் முழுவதையும் அடைத்து, எதிர்ப் பக்கத்துக்கும் வழிந்து, அந்தக் கொம்பு முளைத்த கூட்டம் கூத்தாடும் இடத்தில் சொல் ஒன்றுகூட இல்லாமல் அடுத்தடுத்து மூன்று விரிப்புகளில் இரண்டு பக்கங்களையும் முழுசாக ஆக்கிரமித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் வாசிக்கிற பெரியவரின் குரல் தானாக ஓய்ந்துவிட, குழந்தை தனியாகக் கூத்துக்குள் நிற்கிறது. ஆனாலும் அது உட்கார்ந்திருப்பது நம் மடியில். பிறகு மாக்ஸுக்குத் தனிமை வருகிறது. எங்கிருந்தோ சாப்பாட்டின் வாசனை வருகிறது. படங்கள் ஒடுங்கத் தொடங்குகின்றன. புறப்பட்டபோது சன்னலில் பிறையாக இருந்த நிலா, திரும்பி வரும்போது முழு நிலாவாக நிற்கிறது. மேஜையில் சாப்பாடு காத்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் படமே கிடையாது. சாப்பாடு இன்னும் சூடாக இருந்தது என்கிற செய்தி மட்டும் ஐந்து ஆங்கிலச் சொற்களில், வெள்ளைத் தாளின் மேல் தனித்து நிற்கிறது. நூல் முழுவதிலும் தாய் ஒரு சித்திரத்தில்கூடத் தோன்றுவதில்லை; அந்தச் சூடுதான் அவள்.

அந்த விசித்திர உருவங்களின் முகங்களுக்கு மூலம், ஞாயிற்றுக்கிழமைதோறும் புரூக்ளினில் இருந்த வீட்டுக்கு வந்து கன்னத்தைக் கிள்ளி, அப்படியே தின்றுவிடலாம்போல இருக்கிறது என்று கொஞ்சிய உறவினர்கள் என்று செண்டாக் கூறியிருக்கிறார். போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பம் அது. அன்பு மிகுதியால் பிள்ளைகளை அச்சுறுத்துகிற அத்தைமார்களும் மாமாமார்களும் இல்லாத ஊர் உலகத்தில் ஏது?

நூல் வெளிவந்தபோது கவலைப்பட்டவர்கள் உண்டு. புரூனோ பெட்டல்ஹைம் என்னும் மனோதத்துவ அறிஞர், 1969-இல் ஒரு மாதர் பத்திரிகையில், நூலைத் தாம் பார்க்காமல் பிறர் சொல்லக் கேட்டே, பட்டினியாகப் படுக்கைக்கு அனுப்பப்படுகிற நிகழ்ச்சி குழந்தைக்குக் கைவிடப்பட்ட உணர்ச்சியைத் தரும் என்று கண்டித்தார். பிற்பாடு 1976-இல், பழைய தேவதைக் கதைகளின் பயங்கரங்கள் பிள்ளை மனத்தின் வளர்ச்சிக்குத் துணை செய்கின்றன என்று விரிவான நூல் எழுதியவரும் அவரே. அவருடைய கவலையை நான் அலட்சியம் செய்யவில்லை. நோய் இருக்கும் இடத்தை அவர் சரியாகவே தொட்டார். ஆனால் மருந்து கடைசிப் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தைக் காணாமல் இந்த நூலைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல ஒருவருக்கும் இயலாது. 1964-இல் இதன் சித்திரங்களுக்குக் கால்டிகாட் பதக்கம் கிடைத்தது.

இதைவிடச் சின்னக் குழந்தைக்கு, மூன்று வயதுக்கு, எட் எம்பர்லி 1992-இல் செய்த 'கோ அவே, பிக் கிரீன் மான்ஸ்டர்!' என்னும் நூலைச் சிபாரிசு செய்வேன். கதை என்று அதில் ஒன்றும் இல்லை. இருப்பது கத்தரி வேலை. கறுப்புத் தாளில் வெட்டிய இரண்டு துளைகளின் வழியே முதலில் மஞ்சள் கண்கள் மட்டும் தெரிகின்றன. பக்கம் புரட்டப் புரட்ட மூக்கும், வெள்ளைப் பற்களோடு சிவந்த வாயும், காதும், மயிரும் ஒவ்வொன்றாகச் சேர்ந்து பச்சைப் பூதம் பூரணமாகிவிடுகிறது. அங்கிருந்து அதை விரட்டும் வேலை தொடங்குகிறது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஓர் அங்கம் கழன்று, கடைசியில் வெறும் கறுப்பு மிஞ்சுகிறது. முதல் தடவை இதை என் பேத்திக்குக் காட்டியபோது, கண்கள் இரண்டு மட்டும் தெரிந்த பக்கத்தில் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தி மூடிக்கொண்டு, "தாத்தா, அது என்னைப் பாக்குது" என்றாள். நான் புரட்டவில்லை, காத்திருந்தேன். சற்று நேரம் சென்று, ஒரு விரலை மட்டும் தூக்கி, இடுக்கு வழியாகப் பார்த்தாள். பிறகு அடுத்த விரல். பிறகு கையை எடுத்துத் தானே புரட்டினாள். முடிவுக்கு வந்து, "போ! போயிடு!" என்று அதட்டி விரட்டியவள், காலிக் கறுப்பைக் கண்டவுடன் அவசரமாக இரண்டு பக்கம் பின்னுக்குத் தள்ளி, போன பூதத்தைத் திரும்ப அழைத்தாள். பயானகம் ரசமாகிற கணத்தை அன்று என் மடியிலேயே பார்த்தேன்.

இந்த வித்தையில் நம்முடைய அம்புலிமாமாவும் குறைந்ததன்று. 1947-இல் தொடங்கிய அந்தப் பத்திரிகையில் மாதந்தோறும் வந்த வேதாளக் கதையை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நள்ளிரவு, மயானம், முருங்கை மரம், தோளில் பிணம், பிணத்துக்குள்ளிருந்து பேசுகிற வேதாளம், பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடித்துச் சிதறும் என்கிற மிரட்டல்; சாமான்களை இப்படி அடுக்கிப் பார்த்தால் எந்தத் தாயும் பதறுவாள். பதினோராம் நூற்றாண்டில் காச்மீரத்துச் சோமதேவர் தம் கதாசரித்சாகரத்தில் அமைத்த இந்தச் சட்டத்தைக் குழந்தைக்கு உகந்ததாக்கியது, அம்புலிமாமாவில் அது பெற்ற ஓயாத மறுவருகைதான். தொடக்கமும் ஒன்றே, முடிவும் ஒன்றே. பிணத்தைச் சுமக்கிற விக்கிரம மன்னனின் மௌனம் கலைந்ததும் வேதாளம் மறுபடி மரமேறிவிடும் என்பது அம்மாத இதழைப் பிரிப்பதற்கு முன்னமே பிள்ளைக்குத் தெரியும். தெரிந்த பயம் உறவாகிவிடுகிறது. சித்திரக்காரர் சங்கர் அந்தக் கதைக்கு வரைந்த படத்தில், உருவிய வாளும் தோளில் சுமையுமாக விக்கிரமன் வைக்கிற அடியில் பதற்றமே இல்லாததைப் பாருங்கள். சுற்றிலும் மண்டையோடுகள் கிடந்தாலும், அந்த நடையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மயானத்தைக் கடந்துவிடும். ஐந்து வயதுக்கு முன் இதைக் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். அதன் பின் தாராளமாகக் கொடுக்கலாம்.

விலங்கச்சத்துக்கு, ஜூலியா டொனால்ட்ஸன் எழுதி ஆக்ஸல் ஷெஃப்லர் படம் வரைந்த 'தி கிரஃபலோ' (1999) போதும். புலியின் பயங்கரத்தைக் கடன் வாங்கிய நரியைப் பற்றிய சீனக் கதையிலிருந்து பிறந்தது அது. சிங்கத்தைக் கிணற்றுக்கு அழைத்துப் போன பஞ்சதந்திர முயலை அறிந்த நம் பிள்ளைகளுக்கு, அதில் வரும் சுண்டெலி அந்நியமன்று. ஷெஃப்லர் முதலில் வரைந்த உருவம் சிறுவர்களை மிகையாக மிரட்டும் என்று பதிப்பாசிரியர் கருதியதால், அது பிறகு உருண்டு திரண்டு சாதுவாயிற்று. அந்த அளவறிதல் பாராட்டத்தக்கது. கள்வருக்கு டோமி உங்கரரின் 'மூன்று கொள்ளைக்காரர்கள்' (1961). இரவின் நீலத்தில் மூன்று கறுப்புத் தொப்பிகளும் ஒரு பெரிய சிவப்புக் கோடரியும் தெரிகிறபோது நெஞ்சு சற்றுத் திக்கென்கிறது. ஓர் இரவு அவர்கள் மறித்த வண்டியில் கொள்ளையடிக்க ஒன்றும் இல்லாமல், டிஃபனி என்னும் அநாதைச் சிறுமி மட்டும் இருக்கிறாள். அவர்களிடம் குவிந்து கிடக்கிற பொன்னைக் கண்டு, இதெல்லாம் எதற்கு என்று அவள் கேட்கிறபோது, அதுவரை அதைப் பற்றி யோசித்தே இராத அந்த மூவரும் திகைக்கிறார்கள். மூன்று வயதில் தந்தையை இழந்தவர் எழுதிய நூல் அது.

இனி, வேண்டாதவற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பிராங்க்ஃபர்ட் நகரத்து மருத்துவர் ஹைன்ரிஹ் ஹோஃப்மன் தம்முடைய சின்ன மகனுக்காகத் தாமே எழுதி வரைந்து, 1845-இல் அச்சேறிய 'ஸ்ட்ருவெல்பீட்டர்' உலகப் புகழ் பெற்றது. சித்திரங்களில் உயிர் இருக்கிறது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் விரல் சூப்பிய பையனின் கட்டை விரல்களைத் தையற்காரன் பெரிய கத்தரியால் நறுக்கிவிடுகிறான். தீக்குச்சியோடு விளையாடிய சிறுமி சாம்பலாகிறாள். இங்கே அச்சம் பிள்ளையின் கைக்கு வருவதே இல்லை. சாமி கண்ணைக் குத்தும் என்று மிரட்டுகிற பெரியவர் கையில் பிரம்பாகவே இருந்துவிடுகிறது. பிரெஞ்சு எழுத்தாளர் பெரோ 1697-இல் வெளியிட்ட சிவப்புத் தொப்பிச் சிறுமியின் கதையும் அவள் ஓநாயின் வயிற்றுக்குள் போவதோடு முடிந்துவிடுகிறது. அவளை வெளியே எடுக்க கிரிம் சகோதரர்களின் வேட்டைக்காரன் 1812-இல்தான் வந்தான். ஆகவே, அதே தலைப்பில் கடையில் கிடைக்கிற பத்துப் பிரதிகளில் எந்த முடிவு இருக்கிறது என்பதைப் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள்.

புத்தகத்தை எடுத்ததும் கடைசிப் பக்கத்தை முதலில் படியுங்கள். அங்கே வீடு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு நடுப் பக்கத்தைத் திறந்து, பயங்கரமான படத்தில் குழந்தைக்கு ஒதுங்க ஒரு மூலையாவது, ஒரு சுண்டெலியாவது, இமை கொட்டாத ஒரு சிறுவனாவது இருக்கிறானா என்று தேடுங்கள். வீட்டில் முதல் வாசிப்பைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். குழந்தை பாதியில் மூடிவிட்டால், மூடியபடியே இருக்கட்டும். முடிவு நல்ல முடிவுதான் என்று வற்புறுத்தித் திறக்க வேண்டாம். அது தானாக எடுத்து வருகிற நாள் வரும். பக்கத்தை மட்டும் நீங்கள் புரட்டாதீர்கள்.

என் வீட்டுப் பச்சைப் பூதத்தின் புத்தகத்தில், மஞ்சள் கண்களுக்காக வெட்டிய துளைகளைச் சுற்றியிருந்த தாள்தான் முதலில் கிழிந்தது. பேத்தியின் விரல் பட்டுப் பட்டே கிழிந்தது. ஒட்டுத்தாள் போட்டு இரண்டு தடவை ஒட்டியாகிவிட்டது. மூன்றாம் தடவைக்கும் ஒரு சுருள் வாங்கி வைத்திருக்கிறேன்.