ஸ்கைஸ்கிரேப்பர்: பழைய கேம்களுக்கு அட்டைப்படம் தேடித் தரும் கருவி

பழைய வீடியோ கேம்களைச் சேர்த்து வைத்திருப்பவரின் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தால் எஸ்எஃப்2சிஇ.ஜிப், எம்ஸ்லக்.ஜிப், டிகாங்.ஜிப் என்று வெறும் கோப்புகள்தான் வரிசையாகக் கிடக்கும். முதலாவது ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 சாம்பியன் எடிஷன், அடுத்தது மெட்டல் ஸ்லக், கடைசியில் இருப்பது டாங்கி காங். ஆடிப் பழகியவருக்கு இது தெரியும். வீட்டில் மற்றவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தால், எதைத் திறப்பது என்று புரியாமல் திருப்பித் தந்துவிடுவார். ஒவ்வொரு கோப்புக்கும் உரிய கேமின் முழுப் பெயர், வெளியான ஆண்டு, உருவாக்கிய நிறுவனம், எத்தனை பேர் ஆடலாம் என்ற விவரம், அட்டைப்படம், ஆட்டத்தின் ஒரு காட்சி ஆகியவற்றை இணையத்தில் தேடி எடுத்து ஒட்டிக் கொடுக்கும் மென்பொருளுக்கு ஸ்கிரேப்பர் என்று பெயர். அவற்றில் ராஸ்பெரி பை கணினியில் ரெட்ரோபை என்ற பழைய கேம் தொகுப்பைப் போட்டு ஆடுபவர்கள் பலரும் பயன்படுத்துவது ஸ்கைஸ்கிரேப்பர். அதை என் முழுச் சேகரிப்பின் மீதும் ஓட்டிப் பார்த்தேன்.

லார்ஸ் முல்ட்யோர்ட் என்பவர் சி++ மொழியில், க்யூட்டி நூலகத்தைக் கொண்டு எழுதியது இது. அவர் பராமரிப்பிலிருந்து விலகிய பிறகு அதன் மூலநிரலை எடுத்து வேறு சிலர் தொடர்கிறார்கள். இலவசம், மூலநிரலும் திறந்தே இருக்கிறது. இது ரோம் கோப்புகளை, அதாவது கேம்களை, தருவதில்லை. நம்மிடம் உள்ள கோப்புகளுக்கு விவரம் மட்டுமே தேடும். ஜன்னலோ பொத்தானோ கிடையாது; டெர்மினலைத் திறந்து கட்டளை தட்ட வேண்டும். எந்தக் கன்சோல், எந்தத் தளத்திலிருந்து எடுக்க வேண்டும் என்ற இரண்டைச் சொன்னால் போதும். திரையில் ஒவ்வொரு கேமாக ஓடும்: பெயர் கிடைத்தது, வெளியீட்டு நாள் கிடைத்தது, அட்டைப்படம் உண்டு, வீடியோ இல்லை, இன்னும் இத்தனை நிமிடம் ஆகும். கிடைக்காதவற்றைத் தனியாக ஓர் உரைக்கோப்பில் எழுதி வைத்துவிடும். இந்தக் கடைசி வசதி எனக்கு மிகவும் பிடித்தது. எது கிடைத்தது என்பதைப் பட்டியலில் பார்த்துக்கொள்ளலாம். எது கிடைக்கவில்லை என்று கருவிதான் சொல்ல வேண்டும்.

இப்படி ஒரு கருவியை எழுதுவது எளிது என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும். ஒரு தளத்தில் பெயரைக் கொடுத்துத் தேடு, படத்தை இறக்கு, முடிந்தது. கையில் இருக்கும் கோப்பு எந்த கேம் என்று உறுதியாகக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கோப்பின் பெயரை வைத்துத் தேடுவது ஒரு வழி. தேடும் பெயரும் கிடைத்த பெயரும் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைப் பெரும்பாலும் எழுத்து வித்தியாசத்தை எண்ணித்தான் கணக்கிடுவார்கள். ரஷ்யக் கணித அறிஞர் விளாதிமிர் லெவன்ஷ்டெய்ன் 1965-இல் தந்த அளவீடு அது: ஒரு சொல்லை இன்னொன்றாக மாற்ற எத்தனை எழுத்துகளைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்பது. மெகா மேன் 2, மெகா மேன் 3 என்ற இரண்டு பெயர்களை அதில் போட்டுப் பாருங்கள். ஆங்கிலத்தில் இடைவெளியோடு பத்து எழுத்து. மாறுவது ஒன்றே ஒன்று. 90 சதவீதம் ஒத்துப்போகிறது என்று கணக்கு சொல்லும். ஆனால் அவை இரண்டு தனித்தனி கேம்கள். ஒன்றின் அட்டைப்படத்தை மற்றொன்றில் ஒட்டினால் அது தவறான தகவல். ஸ்கைஸ்கிரேப்பர் பாக எண்ணைத் தனியே பிரித்துப் பார்க்கிறது. ரோமன் எண்ணில் எழுதியிருந்தாலும் 2 என்று எழுதியிருந்தாலும் ஒன்றாகவே எடுத்துக்கொள்கிறது. நல்ல ஏற்பாடு.

ஆனால் அதற்கும் அடங்காத கேம்கள் உண்டு. ஃபைனல் ஃபேண்டஸி வரிசையின் நான்காம் பாகம் ஜப்பானில் 1991-இல் சூப்பர் ஃபேமிகாமுக்கு வந்தது. இடையில் வந்த இரண்டு பாகங்கள் அப்போது அமெரிக்காவை எட்டியிருக்கவில்லை. அதனால் அதே ஆண்டு அங்கே வெளியிட்டபோது அதையே இரண்டாம் பாகம் என்று பெயர் போட்டு விற்றார்கள். உண்மையான இரண்டாம் பாகம் 1988-இல் ஃபேமிகாமுக்கு வந்த வேறு கேம். கான்ட்ரா கதை வேறு மாதிரி. அந்த நின்டெண்டோ கேம் 1990-இல் ஐரோப்பாவுக்குப் போனபோது மனித வீரர்களை எடுத்துவிட்டு ரோபோக்களைப் போட்டு, புரோபோடெக்டர் என்று பெயரையே மாற்றிவிட்டார்கள். பெயரை மட்டும் நம்பும் கருவி இங்கெல்லாம் தடுமாறும்.

இரண்டாவது வழி, கோப்பின் உள்ளடக்கத்தைப் பார்ப்பது. சிஆர்சி32, எம்டி5, எஸ்எச்ஏ1 போன்ற செக்சம்கள் கோப்பின் கைரேகை. கோப்புக்கு என்ன பெயர் வைத்திருந்தாலும் செக்சம் மாறாது. நோ-இன்ட்ரோ குழுவினர் கேசட் கேம்களுக்கும், ரீடம்ப் குழுவினர் குறுந்தகடு கேம்களுக்கும் சரிபார்த்த செக்சம் பட்டியல்களைப் பல வருடங்களாகத் தொகுத்து வருகிறார்கள். பிரான்ஸைச் சேர்ந்த ஸ்கிரீன்ஸ்கிரேப்பர் தளம் கோப்பின் பெயர், அளவு, மூன்று வகைச் செக்சம் ஆகிய எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு விடை தருகிறது. ஸ்கைஸ்கிரேப்பர் எடுக்கும் தளங்களில் என் சோதனையில் அதிகம் நம்பத் தகுந்தது இதுவே. அமெரிக்க ஃபைனல் ஃபேண்டஸி 2 கோப்பைக் கொடுத்தேன். சரியான அட்டைப்படமே வந்தது.

சொந்தமாக ஸ்கிரேப்பர் எழுத நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் காலத்தில் காப்பியர் கருவிகளில் பிரதியெடுத்த சூப்பர் நின்டெண்டோ கோப்புகளின் தலையில் 512 பைட் கூடுதலாக ஒட்டியிருக்கும். கேம் அதேதான், செக்சம் வேறாகிவிடும். கோப்பின் அளவை 1024-ஆல் வகுத்து மீதி 512 வந்தால் அந்தத் தலைப்பகுதி இருக்கிறது என்று பொருள். அதை நீக்கிவிட்டு மறுபடி கணக்கிட்டால் பட்டியலில் உள்ள கேம் கிடைக்கும். சில வரி நிரல்தான். அது இல்லாவிட்டால் நல்ல கேம்கள் பல விடுபட்டுப்போகும்.

ஆர்கேட் கேம்களில் செக்சம் கைகொடுக்காது. மேம் எமுலேட்டரின் பதிப்பு மாற மாற ஜிப் கோப்புக்குள் இருக்கும் சில்லுகளின் பட்டியலும் மாறும். அங்கே எஸ்எஃப்2சிஇ போன்ற குறும்பெயர்தான் உறுதியான அடையாளம். ஆர்கேட்டிபி என்ற இத்தாலியத் தளம் அந்தக் குறும்பெயரிலேயே தேடித் தருகிறது. ஆர்கேட்டுக்கு அதையே முதலில் ஓட்டச் சொல்வேன். பிளேஸ்டேஷன் குறுந்தகடுகளைச் சுருக்கி வைக்கும் சிஎச்டி கோப்புகளிலும் இதே கதை. சுருக்கிய கோப்பின் செக்சமும் மூலத் தகட்டின் செக்சமும் ஒத்துப்போகாது. அங்கே பெயரை வைத்துத் தேடுவதைத் தவிர வழியில்லை. ஃபைனல் ஃபேண்டஸி 7 போல மூன்று தகடுள்ள கேம்களுக்கு மூன்று முறை ஒரே அட்டைப்படம் வந்து நிற்கும். மூன்றையும் ஓர் எம்3யு பட்டியல் கோப்பில் சேர்த்த பிறகு ஓட்டுங்கள்.

ஸ்கைஸ்கிரேப்பரின் வடிவமைப்பில் நான் மனதாரப் பாராட்டுவது அதன் சேமிப்பு முறையை. மற்ற பல ஸ்கிரேப்பர்கள் தேடியதை அப்படியே பட்டியலில் எழுதிவிடும். இது வேலையை இரண்டாகப் பிரிக்கிறது. தளங்களிலிருந்து எடுத்த எல்லாவற்றையும் முதலில் உங்கள் கணினியிலேயே ஒரு கிடங்கில் சேர்க்கும். ஸ்கிரீன்ஸ்கிரேப்பர், தி கேம்ஸ்டிபி, மோபிகேம்ஸ், ஐஜிடிபி என்று நான்கு இடத்திலிருந்து எடுத்தால் நான்கின் விவரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பிறகு இணையமே இல்லாமல் அந்தக் கிடங்கிலிருந்து, கேம்களைத் திரையில் காட்டும் எமுலேஷன்ஸ்டேஷன் என்ற முகப்புக்கான பட்டியலை உருவாக்கும். அட்டைப்படம் ஒரு தளத்திலிருந்து, கதைச் சுருக்கம் இன்னொன்றிலிருந்து என்று முன்னுரிமையை ஒரு சிறிய எக்ஸ்எம்எல் கோப்பில் எழுதி வைக்கலாம். படத்தின் வடிவம் பிடிக்கவில்லையா? வடிவமைப்புக் கோப்பை மாற்றி மறுபடி ஓட்டினால் நொடிகளில் புதிய படங்கள் தயார். தளத்தைப் போய்த் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

அந்த வடிவமைப்பும் அழகு. ஆட்டக் காட்சி பின்னணியில், இடப்பக்கம் கீழே சற்றே திரும்பிய அட்டைப்பெட்டி, வலப்பக்கம் மேலே கேமின் பெயர்ச் சின்னம், எல்லாவற்றுக்கும் மெல்லிய நிழல். நான் பெட்டியை எடுத்துவிட்டுக் காட்சியை மட்டும் வட்ட முனையோடு வைத்துக்கொண்டேன். சிறிய திரையில் அதுதான் தெளிவாகத் தெரிகிறது.

இந்த இரண்டு கட்ட முறையில் தளங்களுக்கும் நன்மை உண்டு. ஸ்கிரீன்ஸ்கிரேப்பர் தன்னார்வலர்கள் நடத்தும் தளம். சாதாரண உறுப்பினருக்கு ஒரு நாளுக்கு இத்தனை கேள்வி என்ற வரம்பு இருக்கிறது. நன்கொடை தருபவர்களுக்கும் தகவல் சேர்ப்பவர்களுக்கும் கூடுதல் வேகம். ஒரே படத்தை ஆயிரம் பேர் பத்து முறை இறக்கினால் சர்வர் தாங்காது. ஒருமுறை எடுத்ததைச் சேமித்து வைத்துக்கொள்ளும் கருவி, அந்த உழைப்பை மதிக்கும் கருவி. பெரிய சேகரிப்பு என்றால் இரவில் ஓட விட்டுவிட்டுப் படுங்கள்; ஒரே இரவில் முடியாவிட்டாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

குறைகளும் சொல்ல வேண்டும். கட்டளைகளும் அவற்றோடு சேர்க்கும் விருப்பத் தேர்வுகளும் ஏராளம். உதவிப் பக்கம் விரிவாக இருந்தாலும் முதல்முறை வருபவர் மிரண்டுபோவார். எமுலேஷன்ஸ்டேஷன் ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டியலை எழுதினால், அதை மூடும் நேரத்தில் தன் நினைவில் இருக்கும் பழைய பட்டியலை மேலே எழுதி அத்தனையையும் அழித்துவிடக்கூடும். முதலில் அதிலிருந்து வெளியே வந்துவிட்டு டெர்மினலில் ஓட்டுவதே பாதுகாப்பு. வீடியோ வேண்டும் என்று தனியாகக் கேட்டால்தான் எடுக்கும். அது நல்லதே, கேட்டால் மெமரி கார்டு வேகமாக நிரம்பும்.

தமிழ் விவரத்துக்கு வருகிறேன். தளங்களில் கதைச் சுருக்கம் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளில் வருகிறது. ஸ்கைஸ்கிரேப்பரில் இறக்குமதி என்று ஒரு பகுதி உண்டு. கேம் கோப்பின் பெயரிலேயே ஓர் உரைக்கோப்பில் நாமே தலைப்பும் விளக்கமும் எழுதி வைத்தால் அதை எடுத்துக்கொள்ளும். என் வீட்டுப் பிள்ளைகளுக்காகச் சில கேம்களுக்குத் தமிழில் எழுதிப் போட்டேன். கருவி ஓர் எழுத்தையும் சிதைக்காமல் பட்டியலில் சேர்த்தது. சிக்கல் அடுத்த கட்டத்தில் வந்தது. ரெட்ரோபையின் எமுலேஷன்ஸ்டேஷனில் இந்திய எழுத்துகளைக் கோத்துக் காட்டும் ஏற்பாடு இல்லை. தமிழ் எழுத்துருவே சேர்த்தாலும் 'கெ' என்று எழுதினால் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கிறது. இது ஸ்கைஸ்கிரேப்பரின் தவறு அல்ல. ஆனாலும் தமிழில் விவரம் வேண்டும் என்பவர் காட்டும் மென்பொருளையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

டெர்மினல் என்றாலே ஒதுங்குபவர்களுக்கு இஎஸ்-டிஇ என்ற முகப்பில் உள்ளேயே ஸ்கிரேப்பர் இருக்கிறது. ஸ்கிரீன்ஸ்கிரேப்பர், தி கேம்ஸ்டிபி இரண்டிலிருந்தும் எடுக்கும். சில டஜன் கேம்கள் மட்டும் வைத்திருப்பவருக்கு அதுவே போதும். சேகரிப்பு ஆயிரத்தைத் தாண்டுகிறது, படங்கள் ஒரே சீராக இருக்க வேண்டும், அடிக்கடி மாற்றிப் பார்க்க வேண்டும் என்றால் ஸ்கைஸ்கிரேப்பருக்கு ஒரு வாரக் கடைசியை ஒதுக்குங்கள்.

இந்தக் கருவி எவ்வளவு நன்றாக எழுதப்பட்டிருந்தாலும் தளத்தில் இல்லாததைக் கொண்டுவர முடியாது. அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த நாட்டில் 2010-க்கு முன் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் வாங்கக் கிடைப்பதில்லை. கேம் விற்பனையில் இல்லாதபோது அதன் அட்டையையும் உருவாக்கியவர் பெயரையும் பதிந்து வைப்பது இத்தகைய தளங்களின் தன்னார்வலர்களே. இந்தியாவில் 1995-இல் ஷா வாலஸ் நிறுவனம் சேகா மெகா டிரைவைக் கொண்டுவந்தபோது ஒரு கன்சோலின் விலை 18,000 ரூபாய். நம்மில் பெரும்பாலோர் ஆடியது டிவியில் மாட்டும் நகல் கன்சோல்களிலும், பல ஆயிரம் கேம் என்று அட்டையில் அச்சிட்ட கேசட்டுகளிலும்தான். அந்தக் கேசட்டுகளில் கேமின் பெயரை மாற்றியும் முதல் திரையை வெட்டியும் வைத்திருப்பார்கள்; சரிபார்த்த செக்சம் பட்டியலோடு அவை ஒத்துப்போவதில்லை. உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கேசட்டோ, அதன் அட்டைப்பெட்டியோ இருந்தால் தூக்கி எறிய வேண்டாம். முன்பக்கம், பின்பக்கம், முதுகு மூன்றையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்கிரீன்ஸ்கிரேப்பரில் கணக்குத் தொடங்கி, தளத்தில் அந்தப் படம் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள்.